கண்ணறை: நுரைப்பொருளின் உள்ளமைப்புக்கு ஒரு சொல்

டர்பன் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் குளிர்பானம் அடுக்கி எடுத்துச் செல்லும் வெள்ளைப் பெட்டியின் பொருளைத் தமிழகத்தார் தெர்மோகோல் என்பார்கள்; தென்னாப்பிரிக்காவில் நாம் பாலிஸ்டைரீன் என்கிறோம். முன்னது வணிகப்பெயர், பின்னது வேதிப்பெயர். நூற்றுக்கு 98 பங்கு வரை காற்றாகவே இருக்கும் அதன் உள்ளமைப்பை இரண்டுமே சொல்வதில்லை. அதைச் சொல்வது ‘செல்’ (cell) என்ற ஆங்கிலச் சொல். அதற்கு ஏற்ற தமிழ் கண்ணறை.

1665இல் ராபர்ட் ஹூக் தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் தெரிந்த குழிகளுக்கு, சிற்றறை எனப் பொருள்படும் லத்தீன் ‘செல்லா’விலிருந்து வந்த இப்பெயரை இட்டார். பின்னாளில் உயிரியல் அதைத் தனதாக்கிக்கொண்டதால் தமிழில் உயிரணு என்ற சொல் நிலைத்தது. வளி அடைந்த குமிழிக்கு அது எவ்வகையிலும் பொருந்தாது. கண்ணறையிலுள்ள கண், வலைக்கண், சல்லடைக்கண் என்பவற்றில் வரும் கண். அறையோ செல்லாவின் நேர்ப்பொருள். மெத்தையின் நுரைப்பஞ்சில் இருப்பவை திறந்த கண்ணறைகள், குளிர்ப்பெட்டியில் இருப்பவை மூடியவை.

பெட்டியின் மூடியை உடைத்தால் தெரியும் உருண்டை மணிகளைக் கண்ணறைகள் என்று கொள்ளக் கூடாது. ஒவ்வொரு மணிக்குள்ளும் கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத எண்ணற்ற கண்ணறைகள் உள்ளன. மணிகள் முழுதாகப் பிரிந்து உதிர்ந்தால் அவை ஒன்றோடொன்று சரியாக உருகி ஒட்டவில்லை என்று பொருள். விரிசல் மணிகளை ஊடறுத்துச் சென்றிருந்தால் ஒட்டு நன்றாக அமைந்திருக்கிறது.

முறியும் முன் ஒரு பொருள் எவ்வளவு ஆற்றலை உள்வாங்குகிறது என்ற பண்பைச் சிலர் கடினத்தன்மை என்று எழுதுவது பிழை. கண்ணாடி கடினமானது, ஆயினும் எளிதில் நொறுங்குகிறது. முறிவுத்தாங்குதிறன் என்பது நீளமான சொல்லானாலும் குழப்பம் தராது.

இத்திறன் கண்ணறைகளின் அளவையும் சுவரையும் பொறுத்தது. பெரிய கண்ணறை விரிசல் தொடங்குமிடமாகிவிடுகிறது. பொருளில் ஏற்கெனவே உள்ள குறைகளைவிடக் கண்ணறைகள் சிறியனவாக இருந்தால் வலிமையை அதிகம் இழக்காமல் பொருளை மிச்சப்படுத்தலாம் என்ற எண்ணத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் நாம் சூ (Nam Suh) என்ற பொறியியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களின் தொடக்கத்தில் நுண்கண்ணறை நுரைகளை உருவாக்கினர். டால்க் தூளைக் கலந்தால் குமிழிகள் ஒரே நேரத்தில் பல இடங்களில் கருக்கொள்வதால் கண்ணறைகள் சிறுத்துப் பெருகுகின்றன. இத்தகைய தூளைக் கருவாக்கி எனலாம். சுவர் நொறுங்கும் இயல்புடையதானால், ரப்பர்த் துகள்களைக் கலந்து அதன் தாங்குதிறனைக் கூட்டுவர்.