சீஸ்: ஒரு பிடி மண்ணில் தொடங்கிய சொல்

குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப். கழற்றிய பிஸ்டனைத் துணியால் துடைத்து என் கையில் தந்தார் மெக்கானிக் அண்ணாச்சி. அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள். சிலிண்டரின் உள்சுவரில் அலுமினியம் திட்டுத்திட்டாக அப்பியிருந்தது. “ஆயில் பாக்காம ஓட்டியிருக்க மக்கா, சீஸ் ஆயிப்போச்சு” என்றார். வாசலில் இன்னொரு பைக் நின்றது. தவணை கட்டாததால் ‘சீஸ் பண்ணின’ வண்டியாம். என்ஜின் இறுகுவதற்கும் வண்டியைப் பறிப்பதற்கும் ஒரே ஆங்கில வினை: ‘சீஸ்’ (seize).

முதலில் என்ஜின். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது. அலுமினியப் பிஸ்டன் சூட்டில் விரிவது வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ 2 மடங்கு. எண்ணெய் வற்றினால் உரசல் கூடும், சூடு ஏறும், பிஸ்டன் புடைத்து இடைவெளியை அடைத்துவிடும். வெற்று உலோகங்கள் அழுந்தித் தேயும் இடத்தில் பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்ளும். பிறகு உதைத்தாலும் கிக்கர் இறங்காது.

இந்தச் சொல் பிறந்த இடம் பட்டறை அல்ல, நிலம். 1066-இல் வட பிரான்சிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபோது அவர்களோடு பிரெஞ்சுச் சட்டமொழியும் வந்தது. ‘சீஸ்’ அந்த வழியில் வந்த சொல். அதற்கும் பின்னே, பிராங்கியர் என்ற ஜெர்மானிய இனத்தாரின் பழைய மொழியில் ‘உரிமை கோரு’ என்ற பொருளுள்ள வேர் ஒன்று இருந்ததாகப் பலர் கொள்கிறார்கள். ‘வை, அமர்த்து’ என்ற வேரைக் காட்டுவோரும் உண்டு.

எனக்கு வியப்பு தருவது அதன் பழைய பொருள்தான். ஒருவரிடமிருந்து பிடுங்குவதற்கு மட்டுமல்ல, ஒருவரை நிலத்தில் உடைமையாளராக அமர்த்துவதற்கும் இதே வினை வழங்கியது. ‘சீசின்’ என்றால் நிலம் ஒருவர் அனுபவத்தில் இருக்கும் நிலை. அதைக் கைமாற்ற, கொடுப்பவரும் வாங்குபவரும் அந்த நிலத்துக்கே போவார்கள். சாட்சிகள் பார்த்து நிற்க, கொடுப்பவர் ஒரு மண்கட்டியையோ மரச்சுள்ளியையோ எடுத்து வாங்குபவர் கையில் வைப்பார். இங்கிலாந்தில் 1845-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு பத்திரமே போதும் என்றானது. ஆனாலும் நிலத்தில் அமர்த்தும் இந்தப் பழைய பொருளில் வரும்போது ஆங்கிலச் சட்ட நூல்கள் அந்த வினையை ‘இசட்’ போடாமல் ‘எஸ்’ போட்டே (seise) எழுதுகின்றன.

நம் பக்கத்துக்கு இது அந்நியமான காட்சியா? 9-ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் கொடுத்து இடம் பெற்றுப் பார்த்திவசேகரபுரத்தில் கோயில் எழுப்பியதைச் செப்பேடு சொல்கிறது. பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் நிலம் கொடுத்தவர்கள் ‘நீர் வார்த்து’க் கொடுத்தார்கள். அங்கே மண்கட்டி, இங்கே நீர். கண்ணால் பார்க்க, கையால் தொட ஒரு சாட்சிப்பொருள் இரு இடத்திலும் வேண்டியிருந்தது.

பிடுங்கும் பொருள் வலுத்த பிறகு அந்தச் சொல் எங்கும் பரவியது. திடீரென உடலை ஆட்கொள்ளும் வலிப்பையும் ஆங்கிலத்தில் இதே வினையின் பெயர்ச்சொல்லால் குறிக்கிறார்கள். வலிப்பு நோயின் கிரேக்கப் பெயரும் ‘பற்றிக்கொள்’ என்பதிலிருந்து வந்ததுதான். தமிழில் இந்த வேலையெல்லாம் செய்வது ‘பிடி’. போலீஸ் பிடிக்கும், சளி பிடிக்கும், பேய் பிடிக்கும், துரு பிடிக்கும். பெயர்ச்சொல்லாக நின்றால் கையளவு மண்.

நாஞ்சில் நாட்டிலும் விளவங்கோட்டிலும் ஊர்விட்டு ஊர் போய்க் குடியேறியவர்கள் குலதெய்வத்துக்குப் புதிய கோயில் கட்ட நினைத்தால் முதலில் பழைய கோயிலுக்குத்தான் போவார்கள். அங்கிருந்து பிடிமண் எடுத்துத் துணியில் முடிந்து கொண்டுவருவார்கள். அந்த மண் வந்து சேர்ந்த பிறகுதான் பீடம் எழும்பும்.