பொய்யெதிர்மறை: இல்லையா, காணோமா?

சாவியைத் தேடுகிறவர் “வீட்டில் சாவி இல்லை” என்றும் சொல்லலாம், “சாவியைக் காணோம்” என்றும் சொல்லலாம். முதலாவது வீட்டைப் பற்றிய செய்தி. இரண்டாவது தேடலைப் பற்றியது. கொரோனாக் காலத்தில் ஓயாமல் காதில் விழுந்த ‘நெகட்டிவ்’ இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. உமிழ்நீரிலோ மூக்குச் சளியிலோ கிருமியைத் தேடினோம், அகப்படவில்லை; அவ்வளவுதான் அதன் பொருள். நம் பேச்சிலும் செய்திகளிலும் அது ‘தொற்று இல்லை’ என்று ஆகிவிட்டது.

உடம்பில் கிருமி இருந்தும் பரிசோதனை அதைக் காணாமல் விட்டால், அந்த முடிவே பொய்யெதிர்மறை. ஆங்கிலத்தில் ‘ஃபால்ஸ் நெகட்டிவ்’.

‘நெகட்டிவ்’ இலத்தீனின் ‘நெகாரே’ என்ற வினையிலிருந்து வந்தது: மறுத்தல், இல்லையெனச் சொல்லுதல். தமிழில் ‘எதிர்மறை’ அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. ‘மறு’ என்பதன் வழி வந்த சொல் அது. “எதிர்மறுத்து மொழியினும்” என்று தொல்காப்பியத்திலேயே இந்த வழக்கு உண்டு. ‘வந்தான்’ உடன்பாடு, ‘வாரான்’ எதிர்மறை என்று பள்ளியில் படித்தோம். எதிர்மறை என்பது பொருளின் இயல்பு அன்று, கூற்றின் இயல்பு. பரிசோதனை முடிவும் ஒரு கூற்றுதான், கூற்று பிழைபடக்கூடும். ‘பாசிட்டிவ்’ என்பதற்கு வழங்கும் ‘நேர்மறை’தான் எனக்கு உறுத்துகிறது. எதையும் மறுக்காத சொல்லுக்குள் ‘மறை’ எதற்கு? இலக்கணம் தந்த ‘உடன்பாடு’ ஏற்கெனவே இருந்தது. ஆனால் நேர்மறை வேரூன்றிவிட்டது, இனி பிடுங்க முடியாது.

‘பொய்’ என்ற முன்னொட்டைச் சிலர் ஏற்பதில்லை. பொய் என்றால் வேண்டுமென்று சொல்வதாயிற்றே, கருவி எப்படிப் பொய் சொல்லும் என்கிறார்கள். மழை பொய்த்தது என்கிறோமே, வானம் யாரிடம் பொய் சொன்னது? “விண்இன்று பொய்ப்பின்” என்ற குறளிலும் அதே பொருள்தான்: எதிர்பார்த்தது நடவாமல் போவது. ‘ஃபால்ஸ்’ என்பதன் இலத்தீன் வேரான ‘ஃபாலெரே’யும் ஏமாற்றுதல், கண்ணுக்குத் தப்புதல் என்ற இரண்டையும் குறித்தது. ஆகவே பொய் இருக்கட்டும். ‘பொய்யின்மை’ என்று மட்டும் ஆக்கிவிடக் கூடாது. அது வாய்மையைக் குறிக்கும் சொல்.

ஒருவருக்கு நேர்ந்தால் இது ஒரு பிழை. ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே ஆய்வகத்தில் நேர்ந்தால் ஒரு வட்டாரத்தின் நோய்க் கணக்கே புரண்டுவிடும். 2021 செப்டம்பர், அக்டோபரில் இங்கிலாந்தில் அதுதான் நடந்தது. தென்மேற்குப் பகுதிகளில் பலருக்கு வீட்டில் செய்துகொண்ட விரைவுப் பரிசோதனையில் தொற்று தெரிந்தது. உறுதிசெய்ய, கிருமியின் மரபுப் பொருளை ஆய்வகத்தில் தேடும் பிசிஆர் பரிசோதனைக்குப் போனால் ‘நெகட்டிவ்’ வந்தது. அன்றைய விதிப்படி பிசிஆர் முடிவே செல்லும் என்பதால் அவர்கள் தனிமையை விட்டு வெளியே வந்தார்கள். அக்டோபர் 15 அன்று பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை, அந்த மாதிரிகளைச் சோதித்த ஆய்வகத்தில், உல்வர்ஹாம்ப்டன் நகரில் இம்மென்சா நிறுவனம் நடத்தியதில், பரிசோதனையை நிறுத்தியது. செப்டம்பர் 8 முதல் அக்டோபர் 12 வரை சுமார் 43,000 பேருக்குத் தவறான முடிவு போயிருக்கலாம் என்று அப்போது மதிப்பிட்டார்கள். பின்னர் 2022இல் வந்த விசாரணை அதைச் சுமார் 39,000 என்று திருத்தியது.

காரணம் கிருமியில் இல்லை, எல்லைக்கோட்டில் இருந்தது. பிசிஆரில் கிருமியின் மரபுப் பொருள் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ இரட்டிக்கிறது. முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். அந்தப் பெருக்கம் எந்த அளவைத் தொட்டால் ‘உண்டு’ என்று அறிவிப்பது என்பதற்கு ஒரு வரம்பு வேண்டும். அந்த வரம்பைத்தான் ஆய்வகம் தவறாக வைத்திருந்தது.

கணக்கில் இதன் விளைவைப் பாருங்கள். பரிசோதனைகளின் எண்ணிக்கை குறையவில்லை, அதில் தொற்று உறுதியானவர்கள் குறைந்தார்கள். விகிதம் இறங்கியது. பார்ப்பவருக்கு நோய் தணிவதுபோலத் தோன்றும், உண்மையில் பரவிக்கொண்டிருந்தது. பிழை நீங்கியதும் எண்ணிக்கை திடீரென ஏறும். அதில் எவ்வளவு புதிய பரவல், எவ்வளவு திருத்தம் என்று பிரிப்பதே பெரும்பாடு. இந்தப் பிழையால் கூடுதலாக 55,000 பேருக்குத் தொற்று பரவியிருக்கலாம், 680 பேர் மருத்துவமனைக்குப் போயிருக்கலாம், இருபதுக்குச் சற்று மேற்பட்டோர் இறந்திருக்கலாம் என்று அதே விசாரணை மதிப்பிட்டது.

இதோடு சேர்த்துக் குழப்பக் கூடாத இன்னொன்று உண்டு. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தின் அன்றாடக் கணக்கில் தொற்று உறுதியான 15,841 பேர் சேராமல் போனார்கள். பழைய எக்செல் கோப்பில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை, மிஞ்சியவை உதிர்ந்துவிட்டன. அவர்களுடைய பரிசோதனை சரியாகவே இருந்தது, முடிவும் அவர்களுக்குப் போயிருந்தது. தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலைதான் தாமதமானது. இது பொய்யெதிர்மறை அன்று, விடுபட்ட பதிவு.

மருத்துவப் பாடத்துக்கும் புள்ளியியலுக்கும் ‘பொய்யெதிர்மறை’ போதும். முடிவுத் தாளைக் கையில் வாங்குபவருக்கு அது புரியாது. அவருக்கு ‘தவறவிட்ட தொற்று’ என்று சொல்லலாம். தவறியது யார் என்பதும் அதில் தெரிகிறது. தாளிலும் ‘தொற்று இல்லை’ என்பதற்குப் பதில் ‘தொற்று கண்டறியப்படவில்லை’ என்று அச்சிட வேண்டும். காய்ச்சலும் இருமலும் இருக்கிறவர் அதைப் படித்தால், இன்னொரு முறை பரிசோதிக்கலாமா என்று கேட்க இடமிருக்கும்.