அடிக்கோள்: கண்டதா, கொண்டதா?

நிரூபணம் கேட்காமல், மற்றவற்றை நிரூபிக்கத் தொடக்கமாக வைக்கும் கூற்றை ஆங்கிலத்தில் ‘ஆக்சியம்’ என்பார்கள். அந்தச் சொல்லுக்குத் தமிழில் குறைந்தது நான்கு பெயர்கள் வழக்கில் உள்ளன: வெளிப்படை உண்மை, மெய்கோள், எடுகோள், அடிக்கோள். இலங்கைப் பாடநூல்களில் முதலாவது நிலைத்துவிட்டது. தமிழகத்தில் ஆளுக்கொன்றாக எழுதுகிறோம். கன்னடத்தில் ‘ஸ்வயம்சித்த’ என்பார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் கன்னடம் பேசிவிட்டுப் பள்ளியில் தமிழில் படிக்கும் பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கேட்டதும் ‘தானே நிலைபெற்றது’ என்று பொருளைப் பிடித்துக்கொள்வார்கள். பெயர்கள் பல இருப்பதில் தவறில்லை. அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு கருத்தைச் சொல்வதுதான் சிக்கல். இது ஓர் உண்மையா, நாம் ஏற்றுக்கொண்ட ஒரு தொடக்கமா? கணிதத்தின் வரலாறு இந்தக் கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறது. அந்த விடைக்கு ஏற்ற சொல் அடிக்கோள் என்பது என் முடிவு.

மூலச்சொல் கிரேக்கம். ‘ஆக்சியோஸ்’ என்றால் தகுதியுடையது. ‘ஆக்சியோமா’ என்றால் தகுதியுடையதாக மதிக்கப்பட்டது. எந்த நிரூபணத்தையும் பின்னோக்கித் துருவிக்கொண்டே போனால் ஓரிடத்தில் நின்றாக வேண்டும், அங்கே நிரூபிக்கப்படாத சில கூற்றுகள் இருந்தே தீரும் என்றார் அரிஸ்டாட்டில். எதைக் கற்க வருபவரும் கையில் கொண்டுவர வேண்டிய கூற்றுகளையே அவர் இந்தச் சொல்லால் குறித்தார். ஒரே பொருளுக்கு ஒரே நேரத்தில், ஒரே வகையில், ஒரு பண்பு உண்டென்றும் இல்லையென்றும் சொல்ல முடியாது என்ற முரணின்மை விதி அவற்றில் தலையாயது.

கி.மு. 300ஐ ஒட்டி வாழ்ந்த யூக்ளிட் தம் வடிவியல் நூலின் தொடக்கத்தில் இரண்டு பட்டியல்கள் தந்தார். ஒன்றில் 5 ‘பொதுக் கருத்துகள்’. பின்வந்த உரையாசிரியர்கள் ஆக்சியோமா என்றது இவற்றையே. இன்னொன்றில் 5 ‘அய்த்தேமா’. அந்தக் கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் கேட்டுக்கொள்வது, அதாவது வேண்டுகோள். ‘எந்த இரு புள்ளிகளையும் ஒரு நேர்கோட்டால் இணைக்கலாம் என்று ஒத்துக்கொள்ளுங்கள்’ என்று படிப்பவரிடம் கேட்கிறார். ஆங்கிலத்தில் ‘பாஸ்டுலேட்’ என்று ஆனது இதுதான். இதற்குத் தமிழில் எடுகோள் நன்றாகவே பொருந்துகிறது.

முதல் பொதுக் கருத்து இது: ஒன்றுக்குச் சமமானவை தமக்குள்ளும் சமம். போச்சம்பள்ளி வாரச்சந்தையில் தட்டுத் தராசு வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம் இதைப் பார்க்கலாம். ஒரு கிலோ கல்லை ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் பெங்களூரா மாங்காய்களை ஒவ்வொன்றாகப் போடுகிறார். முள் நடுவில் நின்றதும் முதல் ஆளின் பையில் கொட்டுகிறார். அதே கல்லை வைத்து அடுத்தவருக்கும் நிறுக்கிறார். இரண்டு பைகளையும் யாரும் எதிரெதிர்த் தட்டில் வைத்துப் பார்ப்பதில்லை. “அவருக்குப் போட்ட அளவுதானா எனக்கும்?” என்று கேட்பவருக்கு அந்த அம்மா கல்லைத் தூக்கிக் காட்டுவார். அதற்குமேல் ஒரு சான்று அங்கே இல்லை, யாருக்கும் தேவைப்படவும் இல்லை.

இந்த மாதிரிக் கூற்றுக்கு வெளிப்படை உண்மை என்ற பெயர் பொருந்தும். ஆனால் யூக்ளிடின் ஐந்தாவது எடுகோளுக்குப் பொருந்தவில்லை. ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக அக்கோட்டுக்கு இணையாக ஒரே ஒரு கோடுதான் வரையலாம் என்று அதை 1795இல் பிளேஃபேர் எளிமையாக்கிச் சொன்னார். இதை மற்ற நான்கிலிருந்து நிரூபித்துவிடலாம் என்று ஈராயிரம் ஆண்டுகளாகப் பலர் முயன்று தோற்றார்கள். 1829இல் லோபசெவ்ஸ்கியும், 1832இல் போயாயும், இணைகோடுகள் பல உண்டு என்று வைத்துக்கொண்டே முரண்பாடற்ற வடிவியல் ஒன்றை எழுப்பிக் காட்டினார்கள். உருண்டையின் மேலோ இணைகோடே கிடையாது. அங்கே முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகையைத் தாண்டும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மூன்றையும் இணைத்துத் தரைமேல் ஒரு முக்கோணம் வரைந்தால் அதன் பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர். பூமியை உருண்டையாகக் கொண்டு கணக்கிட்டால் அதன் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையைவிடச் சுமார் 5 விநாடி கூடுதல். ஒரு பாகைக்கு 3,600 விநாடி என்பதால் வரப்பு அளக்கும் சர்வேயருக்கு இது ஒரு பொருட்டில்லை. நாட்டையே அளப்பவருக்கு இது பொருட்டுதான். 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே ஆதாரக் கோடு அளந்து, நாட்டை முக்கோணங்களாக அளக்கும் வேலையைத் தொடங்கிய ஆங்கிலேய சர்வேயர் லாம்டனின் குழுவினர், பெரிய முக்கோணங்களில் இந்த மிகையைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே இன்றைய கணிதத்தில் ஆக்சியம் என்பது கண்ணுக்குத் தெரியும் உண்மை என்ற உரிமையைக் கோருவதில்லை. ‘இதை அடியாகக் கொள்கிறோம், இதிலிருந்து என்னென்ன கிளைக்கிறது என்று பார்ப்போம்’ என்பதே அதன் பேச்சு. எண்களுக்குப் பியானோ 1889இலும், வடிவியலுக்கு ஹில்பர்ட் 1899இலும் அடுக்கிய அடிக்கோள்கள் இவ்வகை. மெய்கோள் என்ற சொல்லில் உள்ள ‘மெய்’ இங்கே இடறுகிறது. இரு வடிவியல்கள் ஒன்றையொன்று மறுக்கும் கூற்றுகளிலிருந்து தொடங்கும்போது எதை மெய் என்பது?

‘கோள்’ மட்டும் மிகப் பொருத்தம். கொள் என்ற வினை முதலெழுத்து நீண்டு கோள் ஆகிறது. பெறு பேறு ஆவதும் கெடு கேடு ஆவதும் இப்படித்தான். தமிழ் அளவையியலில், அதாவது தருக்கத்தில், இது பழைய சொல். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் மேற்கோள், ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்ற முறையில் வாதத்தை அடுக்குகிறார். அங்கே மேற்கோள் என்பது பிறர் நூலிலிருந்து எடுத்தாள்வதைக் குறிக்காது. நிறுவ எடுத்துக்கொண்ட கூற்றைக் குறிக்கும். வடமொழித் தருக்க நூலான நியாய சூத்திரமும், எல்லாத் தரப்பாரும் ஏற்ற முடிபு, வாதத்துக்காக ஏற்றுக்கொண்ட முடிபு என்று சித்தாந்தங்களைப் பிரித்துப் பேசுகிறது. முதலாவது வெளிப்படை உண்மைக்கும் இரண்டாவது எடுகோளுக்கும் நெருக்கமானவை.

எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடிகோள் என்றும் பலர் எழுதுகிறார்கள். எடுகோள், கருதுகோள், வேண்டுகோள் ஆகியவை வினைத்தொகை, அதனால் வல்லினம் மிகவில்லை. அடி பெயர்ச்சொல். குறியாகக் கொள்வது குறிக்கோள் என்றால், அடியாகக் கொள்வது அடிக்கோள்தான். விடைத்தாளில் ‘அடிக்கோல்’ என்று எழுதினால் அது அளக்கும் கோலாகிவிடும், எனவே ளகரத்தில் கவனம் வேண்டும்.

அன்றாடப் பேச்சில் ஆக்சியம் என்பது யாரும் மறுக்காத செய்தி. அதற்கு நம்மிடம் கலைச்சொல் தேவையே இல்லை. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்கிறோம், வெள்ளிடைமலை என்கிறோம். கிருஷ்ணகிரிக்குள் நுழையும்போதே எதிரில் நிற்கும் கோட்டை மலையைப் பார்த்தவருக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் மறுப்பில்லாமல் வழங்கும் எல்லாப் பேச்சும் இந்தத் தகுதிக்கு உரியதில்லை. சேலம், தருமபுரி வட்டாரத்தில் ‘பெண்பிள்ளை என்றால் செலவு’ என்பது எதிர்க்கேள்வி இல்லாத பேச்சாக நெடுங்காலம் இருந்தது. அது பச்சிளம் உயிர்களைக் காவு வாங்கியது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் பின்னர் தருமபுரிக்கும் விரிக்க வேண்டியிருந்தது. கணிதத்தின் அடிக்கோள் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கப்படுகிறது; எவரும் அதை நீக்கிவிட்டு வேறொன்றை வைத்துப் பார்க்கலாம், லோபசெவ்ஸ்கி செய்தது அதைத்தான். ஊர்ப்பேச்சோ எங்கும் எழுதப்படாமலே ஆள்கிறது. அதற்கு முன்முடிவு என்ற நல்ல சொல் இருக்கிறது. மொழிபெயர்ப்பவர்கள் அந்த இடத்தில் அதையே எழுதலாம்.