டிபோல்ட் என்றால் இயல்புநிலையா?

பக்கத்து வீட்டு மாஸ்ரர் முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் படிப்பித்தவர். அதனால் போனையும் தமிழில்தான் வைத்திருக்கிறார். போன மாதம் ஒரு பின்னேரம் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். எந்த இணைப்பைத் தொட்டாலும் போனோடு வந்த ஏதோ ஒரு உலாவி (பிரவுசர்) திறக்கிறதாம், செய்தி வருவதற்கு முன் சூதாட்ட விளம்பரம் வருகிறதாம். அமைப்புகளுக்குள் போய் வேறு உலாவிக்கு மாற்றப் பார்த்தேன். என் கையைப் பிடித்துவிட்டார். அந்த உலாவியின் பெயருக்குக் கீழே 'இயல்புநிலை' என்று போட்டிருந்தது.

"இயல்பா இருக்கிறத என்னத்துக்குத் தம்பி மாத்துவான்? பிறகு போன் பழுதாப் போகும்."

அவர் பிழையாக வாசிக்கவில்லை. அந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன பொருளோ அதைத்தான் வாசித்தார். டிபோல்ட் (default) என்ற ஆங்கிலக் கணினிச் சொல்லைத் தமிழில் இயல்புநிலை ஆக்கியவர்கள்மேல் எனக்குப் பல நாளாகவே கோபம். அன்றைக்கு அது முற்றிவிட்டது.

வேர்க்கதை சின்னது. தவறுதல், ஏமாற்றுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினை ஒன்று பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கடனைக் கட்டத் தவறினால் டிபோல்ட். வழக்குத் தவணைக்கு வராமல் விட்டாலும் டிபோல்ட். ஆள் வராதபோது வந்தவர் பக்கம் தீர்ப்பாகிவிடும். கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டதும் இந்தப் பொருளைத்தான். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் எது நடக்குமோ அது.

இது நமக்குப் புதிதும் இல்லை. எங்கள் திருகோணமலையின் டைக் வீதிப் பக்கம் தேத்தண்ணிக் கடையில் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் சீனி போட்டுத்தான் வரும். சீனி வருத்தக்காரர் முந்திக்கொண்டு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அந்தச் சீனி தேயிலையின் இயல்பா? கடைக்காரரின் கை.

இயல்பு என்ற சொல்லை இலக்கணக்காரர் எப்படி ஆண்டார்கள் என்று பாருங்கள். பொன்னும் மலையும் சேர்ந்து பொன்மலை என்று மாறாமல் நின்றால் இயல்புப் புணர்ச்சி. ஒன்று தோன்றினாலோ, திரிந்தாலோ, கெட்டாலோ விகாரம். நன்னூல் படிப்பித்த மனுசனிடம் போய், கொம்பனி வைத்த உலாவி இயல்பு என்றால், தன் விருப்பத்துக்கு அவர் மாற்றுவது விகாரம் என்றுதானே ஆகிறது? பயப்படாமல் என்ன செய்வார்?

திருகோணமலையில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு கனமும் இருக்கிறது. ஊரடங்கு எடுபட்டு, பிரதான வீதியில் கடைகள் திறந்து, கிண்ணியா பஸ் ஓடத் தொடங்கினால், மறுநாள் பத்திரிகையில் 'இயல்புநிலை திரும்பியது' என்று வரும். எத்தனை தடவை வாசித்திருப்போம். கேட்டாலே மூச்சு விடலாம் போலிருக்கும் ஒரு சொல்லை எடுத்து, எவனோ விளம்பரக் காசுக்குச் செருகிவிட்ட உலாவியின் நெற்றியில் ஒட்டியிருக்கிறார்கள்.

காசு என்றதும் ஞாபகம் வருகிறது. இயல்பாக இருப்பதற்கு யாரும் காசு கட்டுவதில்லை. அமெரிக்க நீதிமன்ற விசாரணையில் வெளிவந்த கணக்கின்படி, உலாவிகளிலும் போன்களிலும் தன் தேடுபொறியே டிபோல்டாக இருக்க வேண்டும் என்று கூகுள் 2021இல் கொடுத்தது 2,630 கோடி டொலர். 2022இல் ஆப்பிளுக்கு மட்டும் 2,000 கோடி. 2024 ஓகஸ்டில் நீதிபதி தீர்ப்புச் சொன்னபோது, கூகுள் தேடலில் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்றார். அதே வருடம் மார்ச்சில் ஐரோப்பாவில் ஆப்பிள்காரர் புதிய சட்டத்துக்குப் பணிந்து, ஐபோனில் சஃபாரியை முதல் தரம் திறப்பவர்களுக்கு உலாவிப் பட்டியலைக் காட்டி எது வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். விலைக்கு வாங்கவும் சட்டம் போட்டு எடுக்கவும் கூடியதற்கு இயல்பு என்று பெயர்.

மொழிபெயர்ப்பு வேலை செய்யும் நண்பர் ஒருவர் என்னோடு வாதிட்டார். "இயல்பு என்றால் சனத்துக்கு விளங்கும், உங்கள் புதுச் சொல் விளங்காது" என்றார். விளங்குகிறது, சரி. பிழையாக விளங்குகிறது. 'இயல்பாகவே அவர் பொறுமைசாலி' என்கிறோமே, அது டிபோல்ட் இல்லையா என்றும் கேட்டார். இல்லை. அந்தப் பொறுமை அவருடையது. போனிலிருக்கும் உலாவி போனுடையதும் இல்லை, மாஸ்ரருடையதும் இல்லை.

இதே இயல்பு விசைப்பலகையிலும் எங்களைக் கடிக்கும். விண்டோஸில் தமிழ் என்று சேர்த்தால் பல வருடமாக வந்து நின்றது இன்ஸ்கிரிப்ட் என்ற இந்திய விசை அடுக்கு. பாமினி எழுத்துருவின் விசை அடுக்கில் தட்டிப் பழகிய கைக்கு அதில் ஒரு வரி அடித்து முடிக்க விடிந்துவிடும். யாருக்கு இயல்பு?

சரி, மாற்று என்ன? 'கொடாநிலை' என்று சிலர் எழுதுகிறார்கள். பயனர் எதுவும் கொடாத நிலை என்று பிரித்தால் பொருள் நேர்தான், ஆனால் காதில் விழுந்ததும் விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதைதான் வருகிறது. கஞ்சத்தனமான உலாவி என்று நினைப்பார்கள். 'முன்னிருப்பு' பரவாயில்லை. கட்டற்ற மென்பொருட்களைச் சம்பளமில்லாமல் தமிழாக்கிய தன்னார்வலர்கள் பலர் பிடித்துக்கொண்ட சொல் அது. நீங்கள் வருமுன்பே இருந்தது, அவ்வளவுதான் என்கிறது. தொட்டால் பழுதாகும் என்று மிரட்டுவதில்லை. கணக்குப்பதிவு படித்த என் காதுக்கு மட்டும் போன மாத மீதி மாதிரிக் கேட்கிறது.

என் வாக்கு 'முன்தெரிவு'க்கு. தெரிவு என்றால் யாரோ ஒருவர் தெரிந்தெடுத்திருக்க வேண்டும். யார் என்று அடுத்த கேள்வி தானாக வரும். முன்னே ஒருவர் தெரிந்தெடுத்தால் பின்னே நானும் தெரிந்தெடுக்கலாம். தமிழ்நாட்டில் தேர்வு என்பார்கள், அங்கே முன்தேர்வு என்றால் மாதிரிப் பரீட்சை என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். அது அவர்கள் பாடு. நமக்குப் பல்கலைக்கழகத் தெரிவு முதல் எல்லாம் தெரிவுதான்.

இதில் பெரிய குற்றவாளி சொல்லட்டவணை. ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஒரு தமிழ்ச் சொல்லைப் போட்டுவிட்டு, எந்த இடம், எந்தத் தொழில் என்று பாராமல் எல்லாவற்றிலும் அப்புகிறார்கள். ஒரு கடன் ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதியை ஒருமுறை வாசிக்கக் கிடைத்தது. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. 'கடன் பெற்றவர் இயல்புநிலையை அடைந்தால் ஈடு வைத்த சொத்து ஏலத்தில் விடப்படும்' என்றிருந்தது. 2022 ஏப்ரலில் நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்டாமல் நிறுத்தியபோது நல்ல வேளையாகப் பத்திரிகைக்காரர் இந்த அட்டவணையைப் பார்க்கவில்லை. ஒல்லாந்தர் விட்டுப்போன வங்குரோத்து கைகொடுத்தது. இல்லாவிட்டால் பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டு 'இலங்கை இயல்புநிலையில்' என்று வாசித்திருப்போம்.

மாஸ்ரரிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "முன், தெரிவு ரெண்டும் புணர்ந்தா முன்றெரிவு எண்டெல்லோ வரவேணும்?" என்றார். நான் பதில் தேடிக்கொண்டிருக்க, போனை என் பக்கம் தள்ளினார்.

"சரி, அத விடு. முதல்ல அந்த விளம்பரத்த நிப்பாட்டு."