பேக் ஃபோகஸ்: சொல்லும் பிழையும்

புதிய லென்ஸில் எடுத்த முகப்படத்தில் கண் மங்கலாகவும் காது கூர்மையாகவும் இருந்தால், "லென்ஸ் சாஃப்டா இருக்கு" என்ற தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது. அவசரத் தீர்ப்பு அது. கண்ணாடியிலேயே குறை இருந்தால் பெரும்பாலும் படத்தில் எந்த இடமும் முழுக் கூர்மை பெறாது. காது கூர்மையாக விழுந்திருக்கிறது என்றால் லென்ஸால் கூர்மையாகப் படம் வீழ்த்த முடிகிறது. கூர்மை விழுந்த இடம்தான் பிசகியிருக்கிறது. குறிவைத்த இடத்துக்குப் பின்னால் கூர்மை விழுவதை ஒளிப்படக்காரர்கள் பேக் ஃபோகஸ் என்றும், முன்னால் விழுவதை ஃப்ரண்ட் ஃபோகஸ் என்றும் சொல்கிறார்கள். நல்ல லென்ஸ்கள் பல பாதி விலைக்குக் கைமாறுவதற்கு இந்தப் பிழையைக் கண்ணாடியின் குறையாக எடுத்துக்கொள்வதே காரணம்.

சொல் எங்கிருந்து வந்தது

ஃபோகஸ் லத்தீன் சொல். வீட்டில் தீ மூட்டும் அடுப்பிடம் என்பது அதன் பழைய பொருள். இத்தாலிய மொழியில் நெருப்பைக் குறிக்கும் ஃபுவோக்கோ, ஸ்பானிய மொழியின் ஃபுவேகோ இரண்டும் இதன் வழிவந்தவை. யோகான்னஸ் கெப்ளர் 1604-இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் நீள்வட்டம், பரவளையம் போன்ற கூம்பு வெட்டுகளின் சிறப்புப் புள்ளிகளுக்கு இந்தப் பெயரைச் சூட்டினார். ஒளியை மனத்தில் வைத்தே அவர் பெயரிட்டார்: பரவளைய ஆடியில் விழும் சூரிய ஒளி அந்தப் புள்ளியில் சேர்ந்து பொருளை எரிக்கும். ஜெர்மானியர் இன்றும் அதை எரிபுள்ளி என்ற பொருளில் பிரென்புங்க்ட் என்றே அழைக்கிறார்கள்.

தமிழ்ச்சொல் வேறு வழியில் பிறந்தது. மலர் குவிகிறது, கை குவிக்கிறோம், களத்தில் நெல்லைக் குவிக்கிறோம். பரந்து கிடப்பது ஓரிடம் சேர்வதே குவிதல். அதிலிருந்து குவியம் என்ற கலைச்சொல் உருவாயிற்று. பள்ளிப் பாடநூல்களில் முதன்மைக் குவியம், குவியத் தொலைவு என்று படித்திருப்போம். இலங்கைப் பாடநூல்களில் குவியத் தூரம். லத்தீன் சொல் விளைவைப் பார்க்கிறது, தமிழ்ச்சொல் நிகழ்வையே பார்க்கிறது. நிலவொளியும் விளக்கொளியும் எதையும் எரிப்பதில்லை, ஆனாலும் குவிகின்றன. கேமராவுக்குள் நடப்பதைத் தமிழ்ச்சொல் இன்னும் நேராகச் சொல்கிறது என்பது என் கருத்து.

பேக் ஃபோகஸ் என்பதைப் 'பின்குவிவு' என்று சிலர் எழுதுகிறார்கள். அதில் ஓர் இடறல் உண்டு. குவிவு என்ற சொல்லை இயற்பியல் ஏற்கெனவே புடைத்த வடிவத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டது: குவிவு வில்லை, குழிவு வில்லை. லென்ஸைப் பற்றிப் பேசும்போதே பின்குவிவு என்றால், பின்பக்கம் புடைத்த கண்ணாடி என்று படிக்க இடமிருக்கிறது. ஒரே வேரிலிருந்து வரும் மூன்று வடிவங்களை மூன்று வேலைக்குப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். புள்ளிக்குக் குவியம், அந்தப் புள்ளியைச் சரிசெய்யும் செயலுக்குக் குவிப்பு, வடிவத்துக்குக் குவிவு. ஆட்டோ ஃபோகஸ் தன்குவிப்பு ஆகிறது.

ஒரு பெயர், மூன்று பொருள்

பேக் ஃபோகஸ் என்ற பெயரில் மூன்று வேறு சங்கதிகள் புழங்குகின்றன. முதலாவது ஒரு நீளம்: லென்ஸின் கடைசிக் கண்ணாடிப் பரப்பிலிருந்து, படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் வரையுள்ள தொலைவு. இதைப் பின்குவியத் தொலைவு எனலாம். லென்ஸ் பூட்டும் உலோக வளையத்திலிருந்து சென்சார் வரையுள்ள தொலைவு இதனோடு நெருங்கிய உறவுடையது. அது ஒவ்வொரு மவுண்டுக்கும், அதாவது லென்ஸ் பூட்டும் அமைப்புக்கும், மாறாத அளவு. நிகான் எஃப் மவுண்டில் 46.5 மி.மீ., கேனான் இ.எஃப். 44, லைக்கா எம் 27.8, சோனி இ 18, நிகான் இசட் 16. ஒளிபரப்புக் கேமராக்களின் ஜூம் லென்ஸில் இந்தத் தொலைவைத் திருத்துவதற்கென்றே பின்பக்கம் ஒரு வளையம் இருக்கும், அங்கே "பேக் ஃபோகஸ் பார்த்தாச்சா?" என்று கேட்டால் அந்த வளையத்தைத்தான் கேட்கிறார்கள். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, முழுதாகத் திறந்து, சில மீட்டர் தள்ளி நட்சத்திர வடிவக் குறிப்பலகை வைத்து, முழு டெலியில் (ஜூமின் கிட்டக் காட்டும் முனை) முன்வளையத்தாலும் முழு வைடில் (அகலக் காட்டும் முனை) பின்வளையத்தாலும் கூர்மையாக்கி, இரண்டும் ஒத்துவரும்வரை மாறி மாறிச் செய்து பூட்டிவிட வேண்டும். செய்யாவிட்டால் டெலியில் கூர்மையாகப் பிடித்த முகம் வைடுக்கு வந்ததும் மங்கும்.

இரண்டாவது, தன்குவிப்பு குறிக்குப் பின்னால் விழும் பிழை. பின்குவியப் பிழை என்றே இதற்குப் பெயர் வைப்போம்; எதிர்ப்பக்கம் விழுந்தால் முன்குவியப் பிழை. 'பிழை' என்ற ஒட்டு இருக்கட்டும். நீளத்தைக் குறிக்கும் சொல்லோடு கலந்துபோகாமல் காப்பது அதுதான்.

மூன்றாவது, ஷட்டர் பொத்தானிலிருந்து குவிப்பைப் பிரித்துக் கேமராவின் முதுகில் உள்ள பொத்தானுக்கு மாற்றும் பழக்கம். அது பின்பொத்தான் குவிப்பு. பிழையோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை.

பிழை எப்படி நேர்கிறது

டி.எஸ்.எல்.ஆர். கேமராவில், அதாவது லென்ஸுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் ஆடி வைத்த கேமராவில், சென்சார் படம் பிடிக்கிறது, ஆனால் தூரத்தை அளப்பது வேறொரு கருவி. முதன்மைக் கண்ணாடியான அந்த ஆடியின் நடுப்பகுதி ஒளியில் ஒரு பங்கை ஊடுருவ விடுகிறது. அதன் பின்னால் தொங்கும் சிறிய துணைக்கண்ணாடி அந்த ஒளியைக் கீழே திருப்பி, பெட்டியின் அடியில் உள்ள குவிப்புக் கருவிக்கு அனுப்புகிறது. லென்ஸிலிருந்து சென்சாருக்குள்ள ஒளிப்பாதையும் இந்தக் கருவிக்குள்ள ஒளிப்பாதையும் ஒரே நீளமாக இருந்தாக வேண்டும். துணைக்கண்ணாடி துளி சாய்ந்தாலும் கருவி "சரி" என்று சொல்லும் இடமும் சென்சாருக்குச் சரியான இடமும் வேறாகிவிடும். 2007-இல் வந்த கேனான் ஈ.ஓ.எஸ். 1டி மார்க் 3 பெரிய எதிர்பார்ப்போடு விளையாட்டு ஒளிப்படக்காரர்களிடம் போய், தன்குவிப்பு நம்பகமில்லை என்ற குறைச்சொல்லைச் சம்பாதித்தது. பின்னர் நிறுவனமே துணைக்கண்ணாடியைச் சரிசெய்து கொடுத்தது. ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாகக் குவிப்பை நுண்ணிதாகத் திருத்தும் வசதியும் அதே கேமராவில்தான் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எவ்வளவு நுட்பமான வேலை இது? எஃப் 1.4 லென்ஸுக்கு (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது), பிலிம் காலத்தில் ஏற்ற 0.03 மி.மீ. மங்கல் வட்டத்தை, அதாவது ஒரு புள்ளி எவ்வளவு பரந்தாலும் கூர்மை என்றே கொள்ளலாம் என்ற அளவை, வைத்துக் கணக்கிட்டால், சென்சாரின் இருபுறமும் பிசகுக்கு 0.042 மி.மீ. சலுகை கிடைக்கும். 24 மெகாபிக்சல் முழுச்சட்டகச் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 0.006 மி.மீ. அதை அளவுகோலாக்கினால் சலுகை 0.0084 மி.மீ.க்குச் சுருங்குகிறது, தலைமுடியின் தடிமனில் எட்டில் ஒரு பங்கு போல. 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை 2 மீட்டரில் வைத்தால் பழைய கணக்கில் கூர்மை ஆழம் சுமார் 5.7 செ.மீ.; பிக்சல் கணக்கில் சுமார் 1.1 செ.மீ. பிலிமில் பெயரெடுத்த பழைய லென்ஸ் இன்றைய கேமராவில் ஏமாற்றுவதுபோல் தோன்ற இதுவே பெரிய காரணம். லென்ஸ் மாறவில்லை. திரையில் நூறு விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பார்க்கும் கண் வந்துவிட்டது.

சோதிக்கும் முறை

ட்ரைபாட் வேண்டும். பெரிய கறுப்பெழுத்து அச்சிட்ட தட்டையான அட்டையைச் சென்சாருக்கு இணையாக நிறுத்தி, அதன் பக்கத்தில் ஒரு அடிக்கோலை 45 பாகையில் சாய்த்து, கோலின் நடுக்கோடு அட்டையின் தளத்தோடு ஒன்றும்படி வைக்க வேண்டும். குவிப்பது அட்டையின் மேல். கோல் படிப்பதற்கு மட்டும். பலரும் சாய்ந்த கோலின் மேலேயே குவித்து ஏமாறுகிறார்கள். வ்யூஃபைண்டரில் தெரியும் சிறு கட்டத்தைவிட உண்மையான உணர்பரப்பு பெரியது, அதனால் கருவி பக்கத்துக் கோட்டைப் பிடித்துக்கொள்ளும். கோலில் 1 செ.மீ. என்றால் ஆழத்தில் 0.7 செ.மீ. என்று கழித்துப் படிக்கவும்.

தூரம் குவியத் தொலைவைப்போல் 25 முதல் 50 மடங்கு. 50 மி.மீ. லென்ஸுக்கு 1.25 முதல் 2.5 மீட்டர். அப்பர்ச்சர் முழுத் திறப்பு, நடுக்குவிப்புப் புள்ளி, ஒற்றைக் குவிப்பு முறை, நடுக்கத் தடுப்பு நிறுத்தம், 2 நொடி டைமர். பகல் வெளிச்சம் நல்லது. இழை பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பும் அகச்சிவப்பும் மிகுதி. அவை வேறு தளத்தில் குவிவதால் கருவியே இடம் மாறிச் சொல்லக்கூடும். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் குவிப்பு வளையத்தைக் கையால் கலைத்துவிடுங்கள்: ஐந்து முறை முடிவிலிப் பக்கம், ஐந்து முறை கிட்டப் பக்கம். பிறகு லைவ் வியூவில், அதாவது சென்சார் காண்பதையே காட்டும் பின்திரையில், பெரிதாக்கிக் கையால் குவித்து மூன்று படங்கள். இந்த மூன்றும்தான் அந்த லென்ஸின் உண்மையான திறன்.

பத்தும் ஒரே பக்கமாக, ஒரே அளவு தள்ளி விழுந்திருந்தால் அது பின்குவியப் பிழை, திருத்த முடியும். முன்னும் பின்னுமாகச் சிதறியிருந்தால் கருவியே தடுமாறுகிறது. எந்த எண்ணைக் கொடுத்தாலும் தீராது, சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். கையால் குவித்த மூன்றும்கூட மங்கல் என்றால், அப்போதுதான் கண்ணாடியைச் சந்தேகிக்க வேண்டும்.

நுண்திருத்த வசதியுள்ள கேனான், நிகான் கேமராக்களின் திருத்தும் பட்டியலில் −20 முதல் +20 வரை எண்கள் இருக்கும். குறைக்கும் எண் குவியத்தைக் கேமராவை நோக்கி இழுக்கும், கூட்டும் எண் அப்பால் தள்ளும். ஆகவே பின்குவியப் பிழைக்குக் குறைக்கும் எண். 5, 5 ஆக நகர்ந்து, நெருங்கியபின் 2, 2 ஆக நகரலாம். 20 வரை போயும் எட்டவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ஜூம் லென்ஸில் ஒற்றை எண் பெரும்பாலும் சமரசம்தான். வைடுக்கும் டெலிக்கும் தனித்தனி எண் ஏற்கும் கேமராக்கள் சில உண்டு. சிக்மா 2013-இல் கொண்டுவந்த, லென்ஸைக் கணினியோடு இணைக்கும் யு.எஸ்.பி. டாக், லென்ஸுக்குள்ளேயே நான்கு தூரங்களுக்குத் தனித்தனியாகத் திருத்த வழிசெய்தது. நிகான் டி5, டி500 கேமராக்கள் லைவ் வியூவோடு ஒப்பிட்டுத் தாமே எண்ணைக் கண்டுபிடிக்கும்.

பின்குவியப் பிழை போலத் தோன்றும் வேறு இரண்டு

முழுத் திறப்பில் சரியாக விழுந்த கூர்மை, எஃப் 2.8-க்கு மூடியதும் பின்னால் போகிறதா? அது குவியப் பெயர்வு, ஆங்கில வழக்கில் ஃபோகஸ் ஷிஃப்ட். லென்ஸின் ஓரத்தில் நுழையும் கதிர்கள் நடுக்கதிர்களைவிடக் கிட்டத்தில் குவிவதே கோளப் பிறழ்ச்சி. அப்பர்ச்சரை மூடும்போது ஓரக்கதிர்கள் வெட்டுப்பட்டு, நடுக்கதிர்களின் குவியம் மட்டும் மிஞ்சுகிறது. கூர்மைத் தளம் பின்னால் நகர்கிறது. 2006-இல் அறிவிக்கப்பட்ட கேனான் 50 மி.மீ. எஃப் 1.2 எல் லென்ஸ் கிட்டத்தூரத்தில் இதற்குப் பேர்போனது. ஸைஸ் சி சோன்னார் 50 மி.மீ. எஃப் 1.5 தொடக்கத்தில் எஃப் 2.8-க்குச் சரியாக இருக்கும்படி அமைக்கப்பட்டு வந்தது, அதனால் முழுத் திறப்பில் சற்று முன்னே விழும். நுண்திருத்த எண் ஒன்று ஒரு திறப்புக்குத்தான் பொருந்தும் என்பதால் இங்கே அது உதவாது. படம் எடுக்கப்போகும் திறப்பிலேயே வைத்து லைவ் வியூவில் குவிப்பதே வழி. ஆடியே இல்லாமல் சென்சாரிலேயே தூரம் அளக்கும் மிரர்லெஸ் கேமராவில் துணைக்கண்ணாடிப் பிழைக்கு இடமில்லை. முழுத் திறப்பில் குவித்துவிட்டு மூடிப் படமெடுத்தால் குவியப் பெயர்வு அங்கேயும் வரும்.

இன்னொன்று, ஒரு மவுண்டின் லென்ஸை வேறு மவுண்டுக் கேமராவில் பூட்ட உதவும் அடாப்டர். நிகான் எஃப் லென்ஸை இசட் கேமராவில் பூட்டும் அடாப்டரின் தடிமன் 46.5-இல் 16 போக 30.5 மி.மீ. இருக்க வேண்டும். இது 0.1 மி.மீ. கூடினால், வளையம் முடிவிலிக் குறியோடு நின்றுவிடும் 50 மி.மீ. லென்ஸ் 25 மீட்டருக்கு அப்பால் குவியாது, 24 மி.மீ. லென்ஸ் ஆறு மீட்டரைக்கூட எட்டாது. மலைத்தொடர் மங்கலாக வரும், பழி லென்ஸின் மேல் விழும். இதற்கு அஞ்சியே தயாரிப்பாளர் பலர் அடாப்டரைச் சற்று மெலிதாகச் செய்கிறார்கள். அப்போது முடிவிலிக் குறிக்கு முன்னாலேயே கூர்மை வந்துவிடும், தூர எண்கள் பொய்யாகும். அடாப்டரின் இரு முகங்களும் இணையாக இல்லாவிட்டால் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும். உள்ளே ஒரு கண்ணாடி மையம் விலகியிருந்தாலும், அதாவது டீசென்டரிங் எனப்படும் மையப்பிசகு இருந்தாலும், இதே அறிகுறிதான். எனவே லென்ஸை அதற்கேற்ற கேமராவில் அடாப்டர் இல்லாமல் பூட்டி ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சர்வீஸுக்கு அனுப்பும்போது லென்ஸை மட்டும் அனுப்பாமல் கேமராவையும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டும் தனித்தனியாக வரம்புக்குள் இருந்தும் சேர்ந்தபோது பிழை கூடிவிடுவது வழக்கம். "ஃபோகஸ் சரியில்லை" என்று சீட்டில் எழுதினால் பயனில்லை. குவியத் தொலைவு, திறப்பு, தூரம், கூர்மை எத்தனை செ.மீ. எந்தப் பக்கம் தள்ளி விழுகிறது, பத்தில் எத்தனை படங்களில் என்று எழுதி, கையால் குவித்த ஒரு படத்தையும் தன்குவிப்பில் எடுத்த ஒரு படத்தையும் கூட வையுங்கள்.