மாத்திரையில் மாட்டுக் கொழுப்பு இருக்கிறதா?

குன்னூரில் மருந்துக்கடை நடத்துகிறேன். வாட்ஸ்அப்பில் என்ன சுற்றுகிறது என்பது கவுன்டரிலேயே தெரிந்துவிடும். இப்போதைய சந்தேகம்: மாத்திரையில் மாட்டுக் கொழுப்பு கலக்கிறார்களாமே?

பாதி உண்மை. அந்தப் பொருள் மெக்னீசியம் ஸ்டியரேட். அழுத்திய மாத்திரை அச்சில் ஒட்டாமல் வழுக்கி வெளியே வர இதைச் சேர்ப்பார்கள். கம்பெனிகளில் லூப்ரிகன்ட் என்பார்கள். இதற்கான ஸ்டியரிக் அமிலத்தை விலங்குக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம், பாமாயிலிலிருந்தும் எடுக்கலாம். மாத்திரை அட்டையைப் பார்த்து எதுவென்று சொல்ல முடியாது. அளவு பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குள்தான். 500 மில்லிகிராம் எடையுள்ள மாத்திரையில் 5 மில்லிகிராமுக்குள்.

"அப்ப வேற எதையாவது போடலாமே தம்பி?" என்று கேட்டவர், தேயிலை ஃபேக்டரியில் மெஷின் பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு விளக்குவது சுலபமாக இருந்தது. லூப்ரிகன்ட் குறைந்தால் மெஷின் கிறீச்சிடும், மாத்திரையின் ஓரத்தில் நெடுக்காகக் கீறல் விழும். அதற்காக அள்ளிப் போடவும் முடியாது. இதைக் கடைசியில் சேர்த்து, சில நிமிடங்கள்தான் கலக்குவார்கள். கூடுதல் நேரம் கலக்கினால் மருந்துக் குருணைகள்மேல் படலமாகப் பரவும். தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்காது. மாத்திரையின் உறுதி குறையும், வயிற்றில் கரையவும் தாமதமாகும்.

சோடியம் ஸ்டியரில் ஃபுமரேட் என்று வேறொரு லூப்ரிகன்ட் உண்டு. அதில் இந்தத் தொல்லை குறைவு, விலைதான் அதிகம். ஆனால் அதுவும் விலங்கு மூலத்திலிருந்து வரக்கூடும்; பெயர் மாறியதால் சைவமாகிவிடாது. ஆஸ்பிரின் மெக்னீசியம் ஸ்டியரேட்டுடன் சீக்கிரம் சிதையும் என்பதால் அங்கே ஸ்டியரிக் அமிலம் போடுவதுண்டு. தண்ணீரில் போட்டு நுரைக்கவிடும் மாத்திரையில் ஸ்டியரேட் சேர்த்தால் டம்ளரில் ஆடை மிதக்கும்; அதற்குக் கரையக்கூடிய பாலிஎத்திலீன் கிளைக்கால், லியூசின் போன்றவை. 

சைவமாக வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. ஆனால் அதற்காக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். அட்டையில் உள்ள கம்பெனி முகவரிக்கு பேட்ச் எண்ணுடன் எழுதி, ஸ்டியரேட் எதிலிருந்து எடுத்தது என்று கேளுங்கள். கேப்சூல் என்றால் கூடு ஜெலட்டினா (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) என்றும் சேர்த்தே கேளுங்கள். விலங்குப் பொருள் அதில்தான் அதிகம். தைராய்டு மாத்திரையின் பிராண்டை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள். டாக்டரிடம் சொல்லி மாற்றுங்கள், 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.