செல் சவ்வு: சொல்லும் பொருளும்

ஆங்கில மெம்பிரேனுக்குத் தமிழில் சவ்வு. மெம்பிரேனின் வேர் லத்தீன். அந்த மொழியில் 'மெம்பிரம்' என்றால் கை, கால் போன்ற உறுப்பு. அதிலிருந்து வந்த 'மெம்பிரானா', உறுப்பை மூடியிருக்கும் மெல்லிய தோலைக் குறித்தது. எழுதுவதற்காகப் பதப்படுத்திய விலங்குத் தோலுக்கும் அதே பெயர்தான்.

செல் என்பதும் லத்தீன் வழி வந்ததே. 'செல்லா' என்றால் சிற்றறை. 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் தெரிந்த கட்டங்களுக்கு அந்தப் பெயரை வைத்தார். அவர் பார்த்தவை இறந்துபோன தாவர செல்களின் வெறும் சுவர்கள். சவ்வு அவர் கண்ணில் பட்டிருக்கவே முடியாது. அதன் தடிமன் 7 அல்லது 8 நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு அடுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் வேண்டும்.

சவ்வு நம்மிடம் முன்பே இருந்த சொல். தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தோலும் சவ்வு, கண்ணில் படர்வதும் சவ்வு. 'ஜவ்வு மாதிரி இழுக்கிறார்' என்று பேச்சில் சொல்வதும் இதையேதான். மெல்லியது, நெகிழ்வது, இழுத்தால் நீள்வது ஆகிய மூன்றும் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றன. செல்லைச் சூழ்ந்திருக்கும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது கடினம்.

ஏனென்றால் அது உண்மையிலேயே ஒரு நெகிழ்ச்சியான பொருள். பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்பு மூலக்கூறுக்கு நீரை விரும்பும் தலை ஒன்றும், நீரை வெறுக்கும் வால்கள் இரண்டும் உண்டு. செல்லுக்கு உள்ளேயும் நீர், வெளியேயும் நீர். அதனால் இந்த மூலக்கூறுகள் வால்களை நடுவில் மறைத்து, தலைகளை இரு பக்கமும் நீட்டி, இரண்டு வரிசைகளாக நின்றுவிடுகின்றன. யாரும் ஒட்டவோ தைக்கவோ தேவையில்லை.

இரண்டு வரிசை என்பதை 1925-இல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் கண்டார்கள். சிவப்பணுக்களின் கொழுப்பை அசிட்டோனில் பிரித்தெடுத்து, நீரின் மேல் ஒற்றை மூலக்கூறு கனத்துக்குப் பரப்பி அளந்தார்கள். அது பரவிய இடம், அந்தச் சிவப்பணுக்களின் மொத்த மேற்பரப்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. கொழுப்பு முழுவதும் பிரிந்து வரவில்லை, செல்லின் பரப்பையும் அவர்கள் குறைத்தே கணித்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுகட்டியதில் விடை சரியாக வந்துவிட்டது. அப்புறம் 1972-இல் சிங்கர், நிக்கல்சன் என்ற ஆய்வாளர்கள், இந்தக் கொழுப்பு அடுக்கில் புரதங்கள் மிதந்து நகர்கின்றன என்ற மாதிரியை முன்வைத்தார்கள். தமிழில் அதைப் பாய்மத் திட்டு மாதிரி என்று எழுதுகிறார்கள்.

சரி, இந்தச் சவ்வின் வேலை என்ன? எதை விடுவது, எதை விடாதிருப்பது என்பதுதான். ஆக்சிஜன் தடையில்லாமல் கடந்துவிடும். சோடியம் அயனி மிகச் சிறியதுதான். ஆனால் மின்னூட்டம் உள்ளதால் கொழுப்பு அடுக்கில் நுழைய முடியாது. அதற்கென்று புரத வாயில் வேண்டும். நீருக்கே அக்குவாபோரின் என்ற தனிப் புரதம் இருக்கிறது. அதைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரிக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இவை போதாதென்று, ஆற்றலைச் செலவழித்து இயங்கும் புரதங்களும் உண்டு. சோடியம்-பொட்டாசியம் பம்பு செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டு 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுத்துக்கொள்கிறது. நரம்பில் செய்தி ஓடுவதற்கே இந்த ஏற்றத்தாழ்வுதான் அடிப்படை.

இதனால்தான் 'அரை கடத்து சவ்வு' என்ற வழக்கு எனக்கு உடன்பாடில்லை. பாதியை விட்டுப் பாதியைத் தடுக்கிற பொருள் அல்ல இது. பார்த்துத் தேர்ந்து விடுகிறது. 'தேர்வு கடத்து சவ்வு' என்பதே சரி. ஆஸ்மாசிஸுக்கு வைத்த சவ்வூடு பரவல் என்ற சொல்லோ வெகு அழகாக அமைந்திருக்கிறது. சிவப்பணுவைத் தூய நீரில் போட்டால் நீர் சவ்வினூடே உள்ளே பரவி, அந்தச் சிவப்பணு உப்பி வெடித்துவிடும். அடர்ந்த உப்புக் கரைசலில் போட்டால் நீர் வெளியேறிச் சுருங்கும். நடப்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது.

செல் சவ்வை 'செல் சுவர்' என்று எழுதுவது பெரிய பிழை. சுவர் வேறு உறுப்பு. தாவரங்களில் செல்லுலோஸால் ஆகி, சவ்வுக்கு வெளியே விறைப்பாக நிற்கும். விலங்கு செல்லுக்குச் சுவரே கிடையாது. 'உறை' என்பதையும் இங்கே தவிர்க்கலாம். உட்கருவைச் சுற்றி இரண்டு சவ்வுகள் சேர்ந்து இருக்கின்றன. உட்கரு உறை என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும்.

இலங்கையில் செல்லைக் கலம் என்பதால் அங்கே இது கலமென்சவ்வு. உயிரணுச் சவ்வு என்பதும் பிழையில்லை. மைட்டோகாண்ட்ரியா போன்ற நுண்ணுறுப்புகளின் சவ்வுகளையும் சேர்த்துப் பேசும் இடத்தில் மட்டும், செல்லின் வெளி எல்லையைப் பிளாஸ்மா சவ்வு என்று பிரித்துச் சொல்வது நல்லது.